ஒரு லட்சம் ரூபாய்க்குள் போலோ 1.0 டிஎஸ்ஐ: எதற்குச் செலவிடலாம், எதை விட்டுவிடலாம்?

ஆழியாறு_சாலை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2021-ஆம் ஆண்டு தயாரான ஃபோக்ஸ்வாகன் போலோ கம்ஃபர்ட்லைன் 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல் வண்டியை இரண்டாவது உரிமையாளராக வாங்கி ஓட்டி வருகிறேன். ஓடோமீட்டர் 48,000 கிலோமீட்டரைத் தாண்டியுள்ளது. நிறுவனத்தின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. வசிப்பது பொள்ளாச்சியில். வார நாள்களில் கோயம்புத்தூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவதும், விடுமுறை நாள்களில் ஆழியாறு வழியாக வால்பாறைக்கோ மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கோ ஏறுவதும்தான் இந்த வண்டியின் வழக்கமான ஓட்டம்.

வண்டியின் மீது பெரிய குறை எதுவும் இல்லை. ஆயினும் மலைப்பாதையில் பேருந்தையோ தேயிலை லாரியையோ தாண்டும் தருணத்தில் இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. இதற்காக ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்; அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூட்டுவதாக இல்லை. ஒரு மாற்றமைப்புக் கடையில் விசாரித்தபோது, முதலில் திறந்த வகை ஏர் ஃபில்டருடன் கூடிய இன்டேக் (காற்று உள்ளே செல்லும் பாதை), அடுத்து சைலன்சர், அதன் பிறகு ரீமேப் (இன்ஜினை இயக்கும் கணினியின் நிரலை மாற்றி எழுதுவது), இறுதியாக வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். அதன் மொத்தத் தொகை என் வரம்பைத் தாண்டிச் செல்கிறது. மேலும் அந்த வரிசைக்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை.

என் கேள்வி இதுதான். தினமும் ஓட வேண்டிய, குடும்பத்தினர் பயணம் செய்யும் ஒரு டர்போ வண்டியில், இந்தத் தொகைக்குள் உண்மையாகவே பலன் தரும் மாற்றங்கள் எவை? எந்த வரிசையில் செய்ய வேண்டும்? வண்டியின் ஆயுளைக் குறைக்கக்கூடியவை எவை என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மூன்றாம்_கியர் பதிலளிக்கிறார்:

வணக்கம். உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டியல் டர்போ இல்லாத பழைய இன்ஜின்களின் காலத்தில் உருவான வரிசை. அங்கே காற்று உள்ளே போகும் வழியையும் புகை வெளியே வரும் வழியையும் அகலப்படுத்துவதைத் தவிர மலிவாகச் செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால், இன்டேக்கும் சைலன்சரும் முதலிடம் பிடித்தன. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. டர்போ இன்ஜினில் உள்ளே செல்லும் காற்றின் அளவை முடிவு செய்வது வேஸ்ட்கேட், அதாவது புகையில் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு. அதை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்பதை இன்ஜினின் கணினியான இசியூ தீர்மானிக்கிறது. ஃபில்டரில் சிறிதளவு தடை குறைந்தால், இசியூ தான் குறித்து வைத்திருக்கும் அதே பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) அளவை எட்டுவதற்கு டர்போவைச் சற்றே குறைவாக உழைக்க வைக்கும். சக்கரத்தில் உங்களுக்கு வந்து சேரும் கூடுதல் சக்தி ஏறத்தாழ ஒன்றும் இருக்காது. போதாததற்கு, போலோவின் அசல் ஃபில்டர் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. கடைக்காரர் சொல்லும் திறந்த ஃபில்டரோ பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே திரும்ப இழுக்கும். சித்திரை வெயிலில் கோவை நெரிசலில் நிற்கும் வண்டிக்கு இது முன்னேற்றம் ஆகாது. காதுக்கு ஓர் உறுமல் கிடைக்கும், அவ்வளவுதான்.

சைலன்சருக்கும் இதே கதைதான். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும் மாற்றினால் இந்த அளவு சக்தியுள்ள இன்ஜினில் ஒலி மாறும், வேகம் மாறாது. கன்வெர்ட்டரையே எடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட வண்டியில் அது சட்டப்படி குற்றம், இன்ஜின் விளக்கும் அணையாது. ஆக்சிலரேட்டரை விடும்போது சீறும் புளோ ஆஃப் வால்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விரைவில் யாரேனும் பரிந்துரைப்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: அது இந்த வண்டியில் வெறும் சத்தம்.

இந்த இன்ஜினைப் பற்றிய ஒரு விவரம் உங்கள் முடிவுக்கு உதவும். இந்தியப் போலோவின் 999 சிசி, மூன்று சிலிண்டர் டிஎஸ்ஐ இன்ஜின் 110 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தியையும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கையும் (சுழற்றும் விசை) தருவது. இதே இன்ஜின் குடும்பத்தின் 110, 115 பிஎஸ் வகைகள் ஐரோப்பாவில் 200 நியூட்டன் மீட்டருடன் விற்கப்பட்டன. நம் ஊர் எரிபொருள், வெப்பம், பராமரிப்பு ஆகியவற்றில் உள்ள ஏற்ற இறக்கங்களுக்காக ஓரளவு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று இதிலிருந்து நியாயமாக ஊகிக்கலாம். அந்த இடத்தைப் பயன்படுத்துவதுதான் ரீமேப். நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் 175 நியூட்டன் மீட்டர் என்பது கணக்குப்படி சுமார் 75 பிஎஸ். அதே சுழற்சியில் 200 கிடைத்தால் 85 பிஎஸ், 230 கிடைத்தால் 98 பிஎஸ். லாரியைத் தாண்டும்போது உங்களுக்குத் தேவைப்படுவது இந்த நடுச்சுழற்சி வித்தியாசம்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் உச்ச சக்தியில் நீங்கள் மலையேறும்போது ஒருநாளும் ஓட்டப்போவதில்லை.

எனவே வேகத்துக்கென்று ஒரே ஒரு பொருளுக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் அது ரீமேப் மட்டுமே. தரமான இடத்தில் 25,000 முதல் 45,000 ரூபாய் வரை ஆகலாம். ஆனால் அதை முதலில் செய்யக் கூடாது.

முதலில் டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். 48,000 கிலோமீட்டர் ஓடிய உங்கள் வண்டியில் வண்டியோடு வந்த டயர்களே இன்னும் இருந்தால், பள்ளம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். இன்று இருக்கும் 175 நியூட்டன் மீட்டரையே அவை ஈரமான கொண்டை ஊசி வளைவில் தரைக்குக் கடத்தாது. முன்சக்கரம் வெறுமனே சுழலும். இருக்கும் இழுவையே தரையில் வீணாகும்போது கூடுதல் இழுவைக்குப் பணம் கொடுப்பதில் பொருள் இல்லை. 185/60 ஆர்15 என்ற அளவை மாற்றாமல் நல்ல ரப்பர் கலவை கொண்ட டயரை எடுத்தாலே போதும். 195/60 ஆர்15 போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் இரண்டு சதவீதம் கூடுகிறது. கியர் விகிதம் அந்த அளவுக்கு நீண்டுவிடும், அதாவது நீங்கள் கேட்ட இழுவை சற்றுக் குறையும். அகலமான டயர் அழகாகத் தெரிகிறது என்பது உண்மைதான், நானும் மறுக்கவில்லை.

அடுத்தது பிரேக். வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வேகம் கூடினால் இறங்கும் வேகமும் தானாகக் கூடும், மனித இயல்பு அப்படி. பின்பக்கம் டிரம் பிரேக் கொண்ட இந்த வண்டியில் வேலையின் பெரும்பகுதியை முன்சக்கர டிஸ்க்குகளே செய்கின்றன. டிஸ்க்கைப் பெரிதாக்க வேண்டியதில்லை. தரமான பேடும் புதிய டாட் 4 பிரேக் ஆயிலும் போதும். டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல அமுங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டயருக்கு 24,000 முதல் 30,000, பிரேக்குக்கு எட்டாயிரத்துக்குள், சக்கர அலைன்மென்ட்டும் பாலன்சிங்கும் சேர்த்து இரண்டாயிரம், அதன் பிறகு ரீமேப். வரம்புக்குள் முடிந்து கையில் மிச்சமும் இருக்கும்.

தாழ்த்தும் ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள். நம் வேகத்தடைகள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. ஷாக் அப்சார்பர் கசிந்திருந்தால் அசலையே மாற்றுங்கள். 48,000 கிலோமீட்டரில் பெரும்பாலும் தேவைப்படாது.

பட்டறை_மேசை பதிலளிக்கிறார்:

மூன்றாம்_கியர் அவர்கள் சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் ரீமேப் பற்றிய பகுதியில் 200, 230 என்ற இரண்டு எண்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். இவ்வகை இன்ஜின்களைத் தினமும் பிரித்துப் பார்ப்பவன் என்ற முறையில் அந்த இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போட விரும்புகிறேன்.

ஃபோக்ஸ்வாகன் தன் சிறிய கார்களில் பயன்படுத்தும் மேனுவல் கியர்பாக்ஸ் எம்க்யூ200 குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரில் உள்ள 200 அது தாங்க வேண்டிய டார்க்கின் அளவைக் குறிக்கிறது. அதைத் தாண்டினால் மறுநாளே உடைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 220, 230 என்று ஓடும் வண்டிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும் நாளை எண்ணிக்கொண்டே ஓட்ட வேண்டும்; கிளட்ச் செட் மாற்றும் செலவு உங்கள் பட்ஜெட்டில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். 2,000 சுழற்சிக்குக் கீழே 230-ஐக் கொட்டும் மேப்பைவிட (ரீமேப்பில் எழுதும் நிரல்), 2,200-க்கு மேல் மெல்ல ஏறி 200-க்கு அருகில் 4,500 வரை நிற்கும் மேப்பே மலைச்சாலைக்கு ஏற்றது. கடைக்காரரிடம் எவ்வளவு ஏற்றித் தருவீர்கள் என்று கேட்காதீர்கள். எந்தச் சுழற்சியில் தொடங்கி எந்தச் சுழற்சி வரை எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வளைகோட்டை வரைந்து காட்டத் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

குறைந்த சுழற்சியில் டார்க்கைத் திணிப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் சிறிய டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிகச் சுமை விழும்போது, ஸ்பார்க் பிளக் பொறி போடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நிகழ்வு உண்டு; எல்எஸ்பிஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வழக்கமான நாக்கிங்கை, அதாவது பொறி விழுந்த பிறகு மீதிக் கலவை தாறுமாறாக வெடிப்பதை, உணர்ந்ததும் இசியூ பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளித் தப்பித்துவிடும். இதில் பொறிக்கு முன்பே எரிதல் தொடங்கிவிடுவதால் அந்த உபாயம் பலிக்காது. பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்பு உடைந்த நிலையில் வந்த இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயிலில் உள்ள கால்சியம் வகைச் சலவைப் பொருள் அதிகமாக இருந்தால் வாய்ப்பு கூடுகிறது என்பதால்தான் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் தரமும் 2020-இல் ஏபிஐ எஸ்பி தரமும் இதற்கான சோதனையோடு வந்தன. ஆகவே ரீமேப் செய்யும் முன்பே, நிறுவனம் கேட்கும் விடபிள்யூ (ஃபோக்ஸ்வாகன்) ஒப்புதல் எண்ணுடன் ஏபிஐ எஸ்பி தரமும் குறிப்பிடப்பட்ட ஆயிலுக்கு மாறிவிடுங்கள். 15,000 கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் அதில் பாதியில் மாற்றுங்கள். கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. பட்டியலிலேயே மிக மலிவான காப்பீடு இது. ஆறாவது கியரில் 1,400 சுழற்சியில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். கியரை இறக்குவதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் திறனை உயர்த்தும். அதே வேளையில் ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் குறைந்ததை ரீமேப்பின் தலையில் கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். முக்கியமானது ஒன்றுதான்: எந்தப் பெட்ரோலைத் தொடர்ந்து போடப்போகிறீர்களோ, அதை நிரப்பி இரண்டு டேங்க் ஓட்டிய பிறகே மேப் எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்பி95 அல்லது அதற்கு இணையான 95 ஆக்டேன் பெட்ரோல் பொள்ளாச்சி, கோவைப் பகுதிகளில் சிரமமின்றிக் கிடைக்கும். 100 ஆக்டேன் எரிபொருளுக்கென்று எழுதிய மேப்பை வாங்கிவிட்டு வால்பாறையில் கிடைத்ததைப் போட்டு இறங்குவது, வெளியூருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதற்குச் சமம்.

மலை உயரத்தையும் கணக்கில் எடுங்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். டர்போ இல்லாத வண்டி மூச்சு வாங்குவது இதனால்தான். உங்கள் டர்போ அந்தக் குறையைக் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டுகிறது. ஆனால் அதற்காக அது தன் வேக எல்லையை நெருங்குகிறது, உள்ளே வரும் காற்றும் அதிகம் சூடாகிறது. சமவெளியில் டைனோவின் (வண்டியின் சக்தியை அளக்கும் உருளை மேடை) மீது அழகாக இருந்த மேப், குன்னூரைத் தாண்டியதும் டர்போவைப் பிழிந்துகொண்டிருக்கலாம். உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டைக் குறைக்கும் பாதுகாப்பு அட்டவணைகளைத் தொடாமல் விட்டிருக்கிறீர்களா என்று மேப் எழுதுபவரிடம் நேரடியாகக் கேளுங்கள். டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்க முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை வரும். இந்த இன்ஜினில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே அமைந்து, தனிக் குளிர்நீர்ச் சுற்றால் குளிர்விக்கப்படுகிறது. வெளியிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டும் எளிய வேலை அல்ல, உங்கள் தொகைக்குள் அடங்கவும் அடங்காது.

ஸ்பார்க் பிளக்குகளை மேப்புக்கு முன் மாற்றிவிடுங்கள். மூன்றுதானே, அசல் தரத்திலேயே வாங்குங்கள்.

பச்சை_அட்டை பதிலளிக்கிறார்:

இன்ஜின் நுட்பம் எனக்குத் தெரியாது. காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் துறையில் இருப்பதால் அந்தக் கோணத்தை மட்டும் சேர்க்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் அதை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சாலையில் நிறுத்திக் கேட்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் முதலில் படுவது சைலன்சரும் பெரிய சக்கரங்களும்தான். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அது அனுமதிக்கப்பட்டது ஆகிவிடாது. விபத்து பெரிதாக இருந்து இசியூவைப் பரிசோதிக்கும் நிலை வந்தால் தெரிந்துவிடும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்கவோ குறைக்கவோ அவர்களுக்குக் காரணமாகலாம். பாலிசியைப் புதுப்பிக்கும்போது எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, அவர்கள் தரும் பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். அவர்கள் ஏற்க மறுத்தால், அந்த மாற்றம் உங்களுக்கு வேண்டுமா என்று மீண்டும் யோசிப்பதே நல்லது. குடும்பத்தோடு செல்லும் வண்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

டயர் விஷயத்தில் ஒரு சிறு திருத்தம். அளவை மாற்றியே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், 195/60 ஆர்15 போன்ற இடைப்பட்ட அளவுகளுக்குப் போகாமல், இதே மாடலின் மேல் வகையில் நிறுவனமே கொடுத்த 195/55 ஆர்16 அளவையும் அதற்குரிய அசல் சக்கரத்தையும் எடுப்பது கேள்விகளைக் குறைக்கும். பேட், ஆயில், பிளக், அதே அளவு டயர் ஆகியவை பராமரிப்பு என்ற கணக்கில் வருவதால் அவற்றில் சிக்கல் இல்லை.

ஆழியாறு_சாலை எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. டயரின் எண்ணைப் பார்த்தேன். நான்கில் மூன்று 2021-ஆம் ஆண்டினுடையவை, ஒன்று மட்டும் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது. எனவே 185/60 அளவிலேயே நான்கையும் மாற்றிவிடுகிறேன். பிரேக் பேட், ஆயில், பிளக், இன்ஜின் ஆயில் ஆகியவற்றையும் இந்த மாதமே முடித்துவிட்டுச் சில வாரங்கள் அப்படியே ஓட்டிப் பார்ப்பதாக முடிவு. காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். ரீமேப் அவர்களுடைய பதிலைப் பொறுத்தது.

இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதி இருக்கின்றன. இசியூவைத் தொடாமல் இடையில் செருகும் டியூனிங் பெட்டி ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பது கவர்ச்சியாக இருக்கிறது. அது பரவாயில்லையா? மேலும், ரீமேப் செய்தால் அது சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை என்னைப் போன்ற சாதாரண உரிமையாளர் எப்படிச் சரிபார்ப்பது?

மூன்றாம்_கியர் பதிலளிக்கிறார்:

முடிவு சரியானது. பட்டறை_மேசை போட்ட கோட்டையும் ஏற்கிறேன். 200 நியூட்டன் மீட்டரை இலக்காக வையுங்கள், 230-ஐ மறந்துவிடுங்கள்.

டியூனிங் பெட்டி பூஸ்ட் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று இசியூவிடம் பொய் சொல்கிறது. இசியூ அதை நம்பிப் பூஸ்ட்டை ஏற்றுகிறது. சக்தி கூடும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்பதை அறியாமலேயே இசியூ எரிபொருளையும் பொறி நேரத்தையும் கணக்கிடுகிறது. ஆக்சிஜன் சென்சாரும் நாக் சென்சாரும் பிறகு திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. உயரத்துக்கேற்ப டர்போவைக் காக்கும் கணக்குகளும் அந்தப் பொய்யான எண்ணை வைத்தே நடக்கும். உதகைக்கு ஏறும் வண்டியில் இதைப் போடுவதைவிட எதையும் போடாமல் இருப்பது மேல். கழற்றிவிடலாம் என்ற வசதிக்காக வாங்குபவர்களும் சட்டத்தின் பார்வையில் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

சரிபார்ப்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கடினம் அல்ல. வண்டியில் பழுதறிவதற்காக இருக்கும் ஓபிடி இணைப்பில் செருகி ஃபோக்ஸ்வாகன் இசியூவின் விவரங்களைப் படித்துப் பதிவு செய்யும் கருவி ஒன்றை வாங்கவோ இரவல் பெறவோ செய்யுங்கள். இசியூ கேட்ட பூஸ்ட், உண்மையில் கிடைத்த பூஸ்ட், இன்டேக் காற்றின் வெப்பம், ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்கால் பின்தள்ளப்பட்ட பொறிக்கோணம் (பொறி விழும் நேரம்) ஆகிய நான்கையும் பதிவு செய்தால் போதும். ரீமேப்புக்கு முன்பே ஒரு பதிவு எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒப்பிட எதுவும் இல்லாத எண்ணால் பயனில்லை. கேட்டதைவிடக் கிடைத்த பூஸ்ட் நீண்ட நேரம் குறைவாகவே இருந்தால் எங்கோ குழாய் கசிகிறது, அதைச் சரிசெய்யாமல் மேப் எழுதக் கூடாது. ரீமேப்புக்குப் பிறகு ஏதாவது ஒரு சிலிண்டரில் மட்டும் பொறிக்கோணம் தொடர்ந்து பல டிகிரி பின்வாங்கினால், மேப் உங்கள் பெட்ரோலுக்குப் பொருந்தவில்லை; திரும்பக் கொண்டுபோய்க் குறைக்கச் சொல்லுங்கள். அப்படிக் குறைத்துத் தருவது கட்டணத்தில் அடங்குமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

டைனோ தாளைக் காட்டினால், அந்த எண் சக்கரத்தில் அளந்ததா, இன்ஜினுக்கு மாற்றிக் கணக்கிட்டதா என்று கேளுங்கள். மேனுவல் முன்சக்கர வண்டியில் இரண்டுக்கும் இடையே 10 முதல் 15 சதவீதம் வரை வேறுபாடு இருக்கும். முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே நாளில் எடுத்த இரு கோடுகள் இருந்தால் மட்டுமே அந்தத் தாளுக்கு மதிப்பு. அசல் மேப்பின் நகலை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். நிறுவனச் சேவை மையத்தில் இசியூ மென்பொருளைப் புதுப்பித்தால் எழுதிய மேப் அழிந்துவிடும் என்பதால், சர்வீஸுக்கு விடும்போது மென்பொருள் புதுப்பிப்பு வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

பதிவு எடுப்பதற்கு மூன்றாம் கியரில் 2,000 முதல் 5,500 சுழற்சி வரை ஒரே இழுப்பு வேண்டும். அதைப் பொள்ளாச்சிச் சாலையில் முயல வேண்டாம். செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில் பொதுமக்களின் வண்டிகளை அனுமதிக்கும் நாள் எது என்று விசாரியுங்கள், இல்லையென்றால் டைனோவின் மீதே எடுக்கச் சொல்லுங்கள். இரு பதிவுகளையும் இங்கே இணைத்தால் பட்டறை_மேசையும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.